தழும்பின் மேல் பச்சை: பூவைத் தேர்ந்தெடுக்கும் முன் தோலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் பிறந்துவிட்டால் பத்திரிகைகளின் மகளிர் பக்கங்களில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கான இளஞ்சிவப்பு ரிப்பன் ஏறிவிடும். சில ஆண்டுகளாக அதோடு இன்னொரு படமும் வருகிறது. மார்பகம் அகற்றப்பட்ட இடத்தில் தாமரையோ மல்லிகைக் கொடியோ பச்சை குத்திக்கொண்ட பெண்ணின் படம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை மாதம் பொறுக்க வேண்டும், எங்கே ஊசி படக்கூடாது, யாருக்கு இது ஆகவே ஆகாது என்று படத்தின் கீழே ஒரு வரி இருப்பதில்லை. மார்பகப் புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்யும் தாதியரும், தழும்பின் மேல் பச்சை குத்துவதைத் தொழிலாகக் கொண்டவர்களும் சேர்ந்து அந்த விவரங்களை எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். சுருக்கினால் ஆபத்தான இடங்கள்தான் முதலில் வெட்டுப்படும் என்பதால் முழுமையாகப் பிரசுரிக்க வேண்டுகிறோம்.

பச்சை குத்துவது நமக்குப் புதிதில்லை. தோட்டப்புறத்துப் பாட்டிகளின் முன்கையில் கோலமும் புள்ளியும் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஊசி இறங்கியது நல்ல தோலில். அறுத்துத் தைத்து, பலருக்குக் கதிர்வீச்சும் பட்ட தோல் அப்படியில்லை. அதனால்தான் டிசைனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறோம். முதலில் தோல், அடுத்து டாக்டர், பிறகு பூ.

தையல் பிரித்து இரண்டு மூன்று வாரத்தில் மேல்தோல் மூடிக்கொள்ளும். ஆறிவிட்டது என்று எல்லோரும் நினைப்பது அப்போதுதான். உள்ளே கொலாஜன் நார்கள் உடைந்து மறுபடி பின்னிக்கொள்ளும் வேலை மாதக்கணக்கில் நடக்கிறது. அது அடங்க 12 முதல் 18 மாதம் ஆகும். முதிர்ந்த பிறகும் தழும்பு பழைய தோலின் வலுவில் சுமார் 80 விழுக்காட்டைத்தான் எட்டும். அவசரப்பட்டு ஊசி வைத்தால் மை நிற்காமல் வெளியேறி, ஆறியதும் திட்டுத்திட்டாக வெளுத்துக் கிடக்கும். சில இடங்களில் நேர்மாறாக மை அடியில் கசிந்து, கோட்டைச் சுற்றி நீல நிழல் படியும். எல்லாவற்றிலும் மோசமானது, அடங்கிக்கொண்டிருந்த தழும்பு மறுபடி கிளம்பித் தடித்துக்கொள்வது.

முதிர்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கட்டைவிரலால் தழும்பை ஐந்து வினாடி அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் சட்டென்று பழைய நிறத்துக்குத் திரும்பினால் உள்ளே இரத்த ஓட்டம் இன்னும் மும்முரமாக இருக்கிறது, தழும்பு இன்னும் முதிரவில்லை. வெளிநாட்டுப் புத்தகங்களில் 'சிவப்பு போகட்டும்' என்று எழுதியிருப்பார்கள். நம் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அந்தச் சிவப்பு ஊதா கலந்த பழுப்பாகத் தெரியும். தழும்பு கறுத்துப்போனதாக எண்ணி அதைத் தள்ளிவிடுகிறார்கள். அடுத்து, இரண்டு விரலால் தழும்பைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். விலா எலும்பின் மேல் தோல் வழுக்கி நகர வேண்டும். ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும் இடத்தில் ஊசியின் ஆழத்தைக் கட்டுப்படுத்த முடியாது. அறுவை மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, நாளுக்கு இரு வேளை ஐந்து முதல் பத்து நிமிடம் எண்ணெய் தொட்டு நீவிவந்தால் ஒட்டியது பலருக்குத் தளர்கிறது. அரிப்போ குத்தலோ இருக்கும்வரை பேச்சே வேண்டாம்.

கதிர்வீச்சு பெற்றவர்கள், காத்திருக்க வேண்டிய ஓராண்டை அறுவை நாளிலிருந்து எண்ணக்கூடாது. கடைசிக் கதிர்வீச்சு நாளிலிருந்து எண்ண வேண்டும். கதிர் பட்ட இடத்தில் நுண் இரத்தக் குழாய்கள் குறைந்துவிடும், தோல் மெலிந்தும் இறுகியும் போகும், சிலருக்குச் சிலந்தி வலைபோலச் சிவப்பு இரத்தக் குழாய்கள் மேலே தெரியும். சாதாரணத் தோலில் இரண்டு வாரத்தில் ஆறும் ஊசிப் புண் அங்கே இரண்டு மாதம் இழுக்கலாம். இந்த இறுக்கம் சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் கூடிக்கொண்டு போகும் என்பதால், காத்திருந்தாலே சரியாகிவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. நாங்கள் செய்வது இதுதான்: கதிர் பட்ட பகுதியின் ஓரத்தில் மூன்று நான்கு புள்ளி மட்டும் வைத்து ஆறிலிருந்து எட்டு வாரம் விட்டுவிடுவோம். புள்ளி தெளிவாக நின்றால் மேற்கொண்டு பேசலாம். பரவினாலோ, புண்ணாக நின்றாலோ, அந்த இடத்தை விட்டுவிட்டு டிசைனை நல்ல தோலுக்கு நகர்த்த வேண்டும். 'இதற்கே இவ்வளவு நாளா?' என்று கேட்பவர்களிடம் வேறு பதில் எங்களிடம் இல்லை.

கீமோ நடக்கும்போது கண்டிப்பாகக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்திருக்கலாம். தொற்றும் இரத்தக் கசிவும் ஒருசேர வரலாம். கீமோ முடிந்ததும் இரத்தப் பரிசோதனை இயல்பு நிலைக்குத் திரும்பியதை டாக்டர் உறுதிசெய்ய வேண்டும். தமொக்சிஃபென் போன்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரைகள் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை தொடரும். அவை மட்டுமே தடையாகிவிடாது, ஆனால் குத்துகிறவருக்குச் சொல்லியாக வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பச்சைக்காக அதை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்று நம் சமூகத்துக்கே உரியது. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு அதிகம் என்பதைச் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மூன்று மாதச் சர்க்கரை அளவு கட்டுக்குள் இல்லாமல் தோலில் ஆயிரக்கணக்கான துளை போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

கெலாய்டு எனும் மிகைத்தழும்பு நம் தோலுக்குப் பொதுவான எதிரி. காயத்தின் எல்லைக்குள் தடித்து நிற்பது வேறு, எல்லை தாண்டி நண்டுக் கால்போல் பரவுவது வேறு. பின்னது கெலாய்டு. அதன் மேல் ஊசி வைப்பது அதற்கு உரம் போடுவதுபோல. நெஞ்செலும்பின் மேலும், தோளிலும், காது மடலிலும் அது எளிதில் வரும். அறுவைத் தழும்பு தட்டையாக இருந்தாலும் உடம்பின் சுபாவத்தை அறிய மலேசியர்களுக்கு ஒரு சுலபமான அடையாளம் இருக்கிறது: இடது புஜத்தில் காசநோய்த் தடுப்புக்கான பிசிஜி ஊசி போட்ட தழும்பு. அது பள்ளமாகவோ தட்டையாகவோ இருந்தால் ஓரளவு நிம்மதி. பட்டாணிபோல் எழுந்து பளபளத்தால், அல்லது காது குத்திய இடத்தில் கட்டி வந்த வரலாறு இருந்தால், முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். சிலிக்கான் தாளை நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் இரண்டு மூன்று மாதம் ஒட்டிவைப்பது, தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது என்று வழிகள் இருக்கின்றன. சிலருக்குப் பச்சையே வேண்டாம் என்றுதான் முடிவாகும்.

கீமோ மருந்து ஏற்றக் காறை எலும்புக்குக் கீழே போர்ட் எனும் சிறு கருவி வைத்திருப்பவர்கள், அது உள்ளே இருக்கும்வரை அதன் மேல் எதுவும் குத்தக்கூடாது. எடுத்த பிறகும் ஓராண்டு பொறுங்கள். அந்த இடமும் கெலாய்டு வருகிற இடம்தான். வயிற்றுச் சதையை எடுத்து மார்பகம் அமைத்தவர்களுக்கு இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை நீளமான தழும்பு இருக்கும். கதிர் படாத தோல் என்பதால் அங்கே மை நன்றாக நிற்கும்.

அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்கள் அந்தப் பக்கத்துக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டாம். ஒன்றிரண்டு கணு எடுத்தவர்களுக்கு ஆபத்து குறைவு, மொத்தமாக எடுத்தவர்களுக்கு அதிகம். ஒரு சிறு தொற்று போதும், கை வீங்கி, அந்த வீக்கம் வாழ்நாள் முழுதும் தங்கிவிடலாம். தழும்பிலிருந்து கொடி புறப்பட்டுத் தோளைத் தாண்டி முழங்கைக்கு இறங்குவது படத்தில் பிரமாதமாக இருக்கும். தோளிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இனி, பச்சை குத்தும் கடைகளில் யாரும் சொல்லாத, இந்தக் கடிதத்தில் நாங்கள் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறோம். மார்பகத்தை அகற்றிய பிறகு நோய் அதே இடத்தில் திரும்பினால், பெரும்பாலும் தழும்பின் மேலோ அதை ஒட்டியோ சிறு முடிச்சாக, நிறம் மாறிய திட்டாக, ஆறாத புள்ளியாகத்தான் தலைகாட்டும். தொடர்பரிசோதனையில் டாக்டர் கண்ணாலும் விரலாலும் தேடுவது அதைத்தான். விரலுக்கு மை தடையில்லை. கண்ணுக்குத் தடை. தழும்பின் நெடுகிலும் கெட்டிக் கறுப்பு நிரப்பிவிட்டால் நிறமாற்றம் தெரியாது. அதனால் தழும்புக் கோட்டின் மேல் மெல்லிய நிழலோ வெறும் தோலோ இருக்கட்டும், அடர்த்தியான பாகங்கள் இரு பக்கமும் விலகி நிற்கட்டும் என்று டிசைன் போடும்போதே சொல்லிவிடுவோம். மச்சம் இருந்தால் அதைச் சுற்றி ஒரு விரல் அளவு வெற்றிடம். குத்துவதற்கு முன் பகல் வெளிச்சத்தில், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, மூன்று கோணத்தில் படம் எடுத்துக் கைப்பேசியில் வையுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அந்தப் படம் மருத்துவருக்கு உதவும்.

மை ஊசி போட்ட இடத்திலேயே முழுவதும் நின்றுவிடுவதில்லை. துகள்களில் ஒரு பகுதி நிணநீர் வழியாக அக்குள் கணுக்களுக்குப் போய்ச் சேரும். பின்னாளில் கணுவை எடுத்துப் பார்த்தால் கறுத்திருக்கும். மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே படத்தில் சுண்ணாம்புப் படிவுபோல மினுங்கலாம். பச்சை இருப்பதை ஸ்கேன் எடுப்பவரிடமும் அறுவை மருத்துவரிடமும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கும்போதும் அப்படியே. இரும்பு ஆக்சைடு கலந்த மைகள் அபூர்வமாகச் சுரீரென்று சூடேறும். கதிர்வீச்சுக்காக மருத்துவமனையில் வைத்த சிறு புள்ளிகளை மறைக்க நினைப்பவர்கள் கதிர்வீச்சு மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

டிசைனில் எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது கோலம். தழும்புக்கு அதைவிடப் பொருந்தாத ஒன்றைச் சொல்வது கஷ்டம். கோலத்தின் உயிரே சமச்சீர். தழும்பு தோலை ஒரு பக்கம் இழுத்து வைத்திருக்கும், அக்குள் முனையில் சதை மடிந்து நிற்கும். அதன் மேல் நேர்கோடும் சமவட்டமும் போட்டால் ஒவ்வொரு மேடும் பள்ளமும் எடுத்துக்காட்டப்படும். வேலும் அப்படித்தான். தெய்வ முகம் இன்னும் ஆபத்து. தோல் சுருங்கும் இடத்தில் கண் விழுந்தால் பிறகு சரிசெய்ய வழியில்லை. இலை, கொடி, மயிலிறகு, அலை, இதழ் விரிந்த பூ என இயல்பிலேயே ஒழுங்கற்ற உருவங்கள் மேடுபள்ளத்தை விழுங்கிக்கொள்ளும். தழும்பின் மேலேயே நெடுகப் போகாமல், அதைக் குறுக்கே வெட்டி இரு பக்கமும் ஏறி இறங்கும் கொடியில் கண் தழும்பைத் தேடிப் போகாது.

டிசைனைத் தோலில் பதிக்கும் அச்சுத் தாளை ஒட்டும்போது நின்றுகொண்டிருக்க வேண்டும், கைகள் தொங்க, தோள் தளர்ந்து. படுத்த நிலையில் ஒட்டினால் நெஞ்சுத் தோல் பக்கவாட்டில் சரிந்திருக்கும், எழுந்து கண்ணாடியைப் பார்க்கும்போது பூ அக்குளை நோக்கி ஓடியிருக்கும். நின்றபடி ஒட்டி, உட்கார்ந்தும் கையைத் தூக்கியும் பார்த்து, பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். தயங்க வேண்டியதில்லை, அச்சுத் தாள் மலிவு.

ஊசி நிற்க வேண்டிய ஆழம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்தான். தழும்பில் அந்த அடுக்கே சீராக இருக்காது. ஓரிடத்தில் ஊசி தடுக்கும், அரை விரல் தள்ளி வெண்ணெயில் இறங்குவதாக இறங்கிவிடும். பழகிய கைகள் வேகத்தையும் அழுத்தத்தையும் குறைத்து, கோடு போடும் ஒற்றைக் கொத்து ஊசியைவிட நிழல் போடும் அகலமான மேக்னம் ஊசியைத்தான் அதிகம் நம்பும். ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை ஓட்டாமல் லேசாக ஒருமுறை ஓட்டி, ஆறியதும் இரண்டாம் அமர்வில் அடர்த்தி கூட்டும். ஒரு அமர்வு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முக்கியமான இன்னொரு சிக்கல்: மார்பகம் அகற்றிய இடத்தில் பலருக்கு உணர்ச்சியே இருக்காது. 'வலித்தால் சொல்லுங்கள்' என்பது அங்கே பயன்படாது. ஊசி ஆழமாகப் போவதைக் குத்துகிறவர்தான் பார்க்க வேண்டும். சிலிக்கான் பை வைத்தவர்களுக்கு மேலே இருக்கும் தோல் சில இடங்களில் மிகமிக மெல்லியது. பை எந்த ஆழத்தில் இருக்கிறது என்று அறுவை மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொடக்கூடாது. தோலை விரிக்க வைத்த தற்காலிகப் பை உள்ளே இருக்கும்போது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. மரத்துப்போகும் கிரீமைப் பெரிய பரப்பில் பூசி பிளாஸ்டிக் சுற்றுவதும் வேண்டாம். அதிலுள்ள லிடோகெய்ன் மருந்து இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குலைக்கலாம். மரத்த இடத்துக்கு அது எதற்கு?

மையைப் பற்றி. சிவப்பு நிறங்கள்தான் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. கறுத்த தோலில் வெள்ளை, மஞ்சள், வெளிர் ரோஜா எல்லாம் ஆறிய பிறகு மங்கிப்போகும், ஏனென்றால் மை மெலனினுக்கு அடியில் இருக்கிறது, நிறத்தை நம் தோலின் நிறத்தினூடாகத்தான் பார்க்கிறோம். வெள்ளைக்காரர் தோலில் எடுத்த படத்தைக் காட்டி அதே ரோஜா வேண்டும் என்றால் கிடைக்காது. கறுப்பும் சாம்பல் நிழலும் அடர்ந்த பச்சையும் நீலமும் நமக்கு எடுப்பாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 4 முதல் பச்சை குத்தும் மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. அந்த விதிக்கு உட்பட்ட மையா என்று கேளுங்கள், புட்டியில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிழலுக்குக் கறுப்பு மையைக் குழாய்த் தண்ணீரில் கலக்கக்கூடாது, கிருமி நீக்கிய நீரில்தான் கலக்க வேண்டும். 2011 இறுதியில் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் நகரில் ஒரே கலைஞரிடம் குத்திக்கொண்ட 19 பேருக்கு மைகோபாக்டீரியம் எனும் பாக்டீரியா வகைத் தொற்று வந்தது. அது முன்கூட்டியே நீர்த்து விற்ற சாம்பல் மையிலிருந்து வந்தது. கடை சுத்தமாக இருந்தாலும் இது நடக்கும். தழும்பு வேலையில் அதிகம் ஓடுவது அந்தச் சாம்பல்தான்.

ஊசிக் கார்ட்ரிட்ஜ் உங்கள் கண்முன் உறை பிரிக்கப்பட வேண்டும். மை பின்னோக்கி எந்திரத்துக்குள் போகாமல் தடுக்கும் சவ்வு உள்ள வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முந்தைய ஆளின் இரத்தம் எந்திரத்தில் தங்கியிருக்கும். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் இந்த வழியாகப் பரவக்கூடியவை. கையுறையோடு கைப்பேசியைத் தொட்டுவிட்டு அதே கையுறையோடு திரும்பி வருகிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

முலைக்காம்பை மீட்டு வரைவது தனி வேலை. மார்பகம் புதிதாக அமைத்தவர்களுக்கு, வடிவம் படிந்த பிறகு, சாதாரணமாகக் கடைசி அறுவையிலிருந்து மூன்று முதல் ஆறு மாதத்தில் செய்வார்கள். கதிர் பட்டிருந்தால் முன்சொன்ன கணக்குத்தான். தட்டையாகவே விட்டவர்களும் செய்துகொள்ளலாம். வட்டம் சுமார் 4 செண்டிமீட்டர், ஆனால் அளவுகோல் மறுபக்கத்து மார்பகம்தான், புத்தகம் இல்லை. தட்டையான தோலில் காம்பு எழுந்து நிற்பதாகத் தோன்றச் செய்வது ஒளியும் நிழலும்: ஒரு பக்கம் அடர்பழுப்பு நிழல், எதிர்ப்பக்கம் மெல்லிய வெளிச்சம், வட்டத்தின் ஓரம் கூர்மையாக இல்லாமல் தோலோடு கரைய வேண்டும், சுற்றிலும் சிறு சுரப்பிப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல். வட்டத்தைக் காம்பஸ் வைத்துப் போட்டதுபோலப் போட்டுவிட்டால் சட்டைப் பொத்தான் ஒட்டியது போலாகிவிடும்.

நிறத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கடைகளில் தயாராக இருக்கும் நிறத் தொகுப்புகள் பல வெளிர்த் தோலுக்கானவை, ரோஜாவும் பீச்சும். நம் தோலில் அவை சாம்பல் பூத்தோ செம்மண்ணாகவோ தெரியும். அடர்பழுப்பும் செம்பழுப்பும் கொஞ்சம் கறுப்பும் கலந்து, சன்னல் வெளிச்சத்தில் மறுபக்கத்தோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். குத்திய அன்று நிறம் திடுக்கிடும் அளவுக்கு அடர்த்தியாக இருக்கும், பொருக்கு உதிர்ந்ததும் இறங்கும். அதனால் ஒரு மாற்று அடர்த்தியாகவே குத்துவார்கள், ஆறு முதல் எட்டு வாரத்தில் இரண்டாம் அமர்வு இருக்கும். புருவத்துக்குப் பயன்படுத்தும் அழகுநிலைய நிறமிகள் ஓரிரு ஆண்டில் மங்கி ஆரஞ்சாக மாறலாம். எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊசியே வேண்டாம் என்பவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் காம்புகள் கிடைக்கின்றன. அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

நிரந்தரமாக வைக்கும் முன் மருதாணியில் போட்டுப் பார்க்க நினைப்பது நல்ல யோசனை. நெஞ்சுத் தோல் மெலிது என்பதால் உள்ளங்கை அளவு சிவக்காது, ஒரு வாரத்தில் போய்விடும், டிசைன் உட்காரும் இடத்தை அறிய அது போதும். ஆனால் பிரிக்பீல்ட்ஸிலோ ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலோ சாலையோரத்தில் 'கறுப்பு மருதாணி' என்று வைத்தால் விலகிப் போங்கள். மருதாணி கறுப்பாகச் சிவக்காது. அந்தக் கறுப்பு பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பாராஃபெனிலின்டையமின். தோலில் நேரடியாகப் பட்டால் கொப்புளம் எழும்பலாம், அந்தக் கொப்புளமே புதுத் தழும்பாகலாம்.

குத்திய பிறகு பார்த்துக்கொள்வதில் நம் சீதோஷ்ணம்தான் தொல்லை. இங்கிலாந்துக்காரர் எழுதிய குறிப்பு கோலாலம்பூர் வியர்வைக்கு ஒத்துவராது. புதுப் பச்சையின் மேல் ஒட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலத்தை அங்கே ஐந்து நாள் விட்டுவைப்பார்கள். இங்கே உள்ளே வியர்வையும் நிணநீரும் குளம் கட்டிவிட்டால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். கதிர் பட்ட தோலில் பசை மேல்தோலையே உரித்துக்கொண்டு வரும், ஆகவே முன்பே வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை வாசனை இல்லாத சோப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டுக் கழுவி, துண்டால் தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, களிம்பு பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும். தேங்காய் எண்ணெயைக் குழைத்து அப்பினால் அடியில் வேர்த்து நசநசத்துப்போகும். மஞ்சள் வேண்டவே வேண்டாம். உள்ளாடைக் கம்பியும் இறுக்கமான ரவிக்கையும் இரண்டு வாரம் பெட்டியிலேயே இருக்கட்டும், தளர்ந்த பருத்திச் சட்டை போதும். மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம். அதுவரை குளம், கடல், ஆறு எதிலும் முழுகக்கூடாது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் பச்சையைப் பூசம் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பத்துமலைக் கூட்டத்தின் இடியும், ஆற்று முழுக்கும், தோளில் வழியும் பாலும் புதுப் புண்ணுக்கு ஆகாது. பினாங்குத் தண்ணீர்மலைக்கும் இதுவே.

காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், பச்சையைச் சுற்றித் தோல் சூடாகி இறுகிக்கொண்டே பரவினால், அந்தப் பக்கத்துக் கை கனத்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணு எடுத்தவர்களுக்குப் பொருந்தாது. நன்றாக ஆறிக்கொண்டிருந்த இடத்தில் இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிறு கொப்புளங்கள் மை போட்ட பகுதியில் மட்டும் கிளம்பி, வழக்கமான மருந்துக்கு அடங்காவிட்டால், 'பச்சை குத்தினேன், மைகோபாக்டீரியமாக இருக்குமா?' என்று நீங்களே கேளுங்கள். திசு எடுத்து வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். பழைய தழும்பிலேயே புது முடிச்சு வந்தால் அதை மையின் தலையில் போடாமல் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். அறுவை ஓரிடம், கதிர்வீச்சு இன்னோரிடம், மருந்து மூன்றாமிடம் என்று அலைகிற நோயாளியின் கையில் எல்லாம் சேர்ந்த ஒரு தாள் இருப்பதில்லை. எந்தப் பக்கம், எத்தனை கணு எடுக்கப்பட்டது, கதிர்வீச்சு முடிந்த தேதி, எந்தப் பரப்பு, உள்ளே பை இருந்தால் அதன் வகையும் ஆழமும், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், கெலாய்டு வரலாறு: அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. இதைத் தேசிய மொழியிலும் தமிழிலும் அச்சிட்டுக் கடைசிச் சிகிச்சை நாளில் கொடுத்துவிட்டால், அதைக் காட்டாதவர்களுக்கு ஊசி எடுக்க மாட்டோம் என்று எங்களைப் போன்றவர்கள் கறாராகச் சொல்ல முடியும். அதுவரை, வாசகர்கள் இந்த விவரங்களைத் தாங்களே ஒரு தாளில் எழுதி, அடுத்த பரிசோதனையின்போது டாக்டரிடம் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மார்பகப் பராமரிப்புத் தாதியரும் பச்சை குத்தும் கலைஞர்களும்,
கோலாலம்பூர்